நீலக் கதவில் ஒரு குழி

ஹால்வாரின் காரை யாரோ இடித்துவிட்டுப் போய்விட்டார்கள் என்ற செய்தி கூடத்துக்குள் வந்தபோது எங்களில் பாதிப் பேருக்குச் சிரிப்புதான் வந்தது. அதை மறைக்கக் காப்பிக் கோப்பையை வாயருகே தூக்கிக்கொண்டார்கள். மீதிப் பேர் அந்தச் சிரமம்கூடப் படவில்லை.

காரணம் இருந்தது. எங்கள் ஸ்காலோய் தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் கார்ப்படகில், வருகிற வண்டிகளை வரிசையாக ஏற்றி நிறுத்துவது ஹால்வாரின் வேலை. ஆரஞ்சு நிற மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு படகின் வாயில் நின்று இரண்டு கைகளாலும் வா, ஒடி, நிறுத்து என்று சைகை காட்டுவார். சைகையோடு விட்டால் பரவாயில்லை. "அந்தக் கண்ணாடிய மூஞ்சி பாக்கவா வெச்சிருக்கான்? பின்னால பாருய்யா!" என்பார். "இங்க ஒரு திமிங்கலத்தையே கொண்டாந்து நிறுத்தலாம், உன் டப்பாவ நிறுத்த முடியலையா?" என்பார். பாதிரியாரைக்கூட விட்டதில்லை. நான் அப்போது அதே படகின் மேல்தளத்தில் காப்பிக் கடை வைத்திருந்தேன். காலுக்குக் கீழே இரும்புத் தரையைத் துளைத்துக்கொண்டு அவர் குரல் வரும். எல்லோரையும் ஏற்றிவிட்டு மேலே வந்து, பழுப்புச் சீஸ் வைத்த அப்பத்தைக் கடித்தபடி, "நாப்பது வருஷமா ஓட்டறேன். என் வண்டியில ஒரு கீறல் காட்டு பாப்போம்" என்பார். காட்ட முடியாது. அப்படி வைத்திருந்தார்.

அது மார்ச் மாதம். கடலில் காட் மீன் கொட்டுகிற காலம். தீவில் இருக்கிற கைகள் எல்லாம் மீன் வெட்டவும், இரண்டிரண்டாக வாலைக் கட்டி மரச்சட்டங்களில் காயப் போடவும் போயிருக்கும். ஒரே ஒரு சனிக்கிழமைதான் ஓய்வு. கடலில் தவிப்பவர்களை மீட்கிற சங்கத்துக்குப் பணம் சேர்க்க அன்று ஊர்க் கூடத்தில் கேக்கும் லாட்டரியும் வைப்போம். தீவே வந்திருந்தது. கூடத்துக்கு வெளியே, ஒதுக்கித் தள்ளிய பனிமேட்டுக்கு நடுவில், வண்டிகள் நெருக்கியடித்து நின்றன.

வெளியே போய்ப் பார்த்தோம். ஈரப்பனி சாய்வாக அடித்துக்கொண்டிருந்தது. கருநீல வோல்வோ. ஓட்டுகிறவர் பக்கத்துக் கதவில், முழங்காலுக்குச் சற்று மேலே ஒரு குழி. பெரிய உருளைக்கிழங்கை வைத்து அமுக்கி எடுத்த மாதிரி உருண்டையாக இருந்தது. அதைச் சுற்றித் தகடு நெளிந்து, கதவு முழுக்க ஓர் அலை ஓடியிருந்தது. வேறு வண்டியின் பெயிண்ட் ஒரு துளிகூட இல்லை. ஹால்வார் லாட்டரியில் விழுந்த உப்புக்கண்ட ஆட்டுத்தொடையைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"யாரு?" என்றார்.

எல்லோரும் குழியைப் பார்த்தார்கள்.

"யாருன்னு கேக்கறேன். இடிச்சது டிரெய்லர் மாட்டற குண்டு. பின்னால எடுக்கும்போது இடிச்சிருக்கான். இறங்கி உள்ள வந்து ஒரு வார்த்த சொல்ல எவ்வளவு நேரமாகும்?"

"அவன் மேல குத்தமில்ல ஹால்வார்" என்றார் கூட்டத்திலிருந்து கோரே. ஆடு வளர்க்கிற, படகும் வைத்திருக்கிற கோரே. "பாவம், கை காட்ட ஆளில்லாம போயிருச்சு. நீ உள்ள கேக் தின்னுட்டு இருந்தே."

கூட்டம் சிரித்தது. ஹால்வாரின் முகம் மீன்சினை மாதிரிச் சிவந்துவிட்டது. "சிரிங்க, சிரிங்க! எவன் பண்ணினானோ அவன் லைசென்ஸ துண்டு துண்டா வெட்டி மீனுக்குப் போடணும். ஸ்டியரிங் பிடிக்க லாயக்கில்லாத ஜென்மம்!"

அவர் மனைவி சிக்ருன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். "முதல்ல அந்தத் தொடைய இறக்கு. பாக்கறவங்க பயந்துருவாங்க" என்று அதைப் பிடுங்கிக்கொண்டு வண்டியில் ஏறிவிட்டாள்.

திங்கட்கிழமை முதல் படகு நேரத்துக்குக் கிளம்பவில்லை. ஏறுகிற ஒவ்வொரு வண்டியின் பின்பக்கமும் போய்க் குனிந்து, அந்த இரும்புக் குண்டு தன் முழங்காலுக்கு எந்த உயரத்தில் வருகிறது என்று பார்த்தார் ஹால்வார். கட்டைவிரலால் தேய்த்தார். மோந்துகூடப் பார்த்தார் என்று சொல்கிறார்கள். அதை நான் பார்க்கவில்லை. தீவில் குண்டு இல்லாத வண்டியே கிடையாது. படகு, ஆடு, விறகு எல்லாம் இழுத்தாக வேண்டும். கேப்டன் ஒலிபெருக்கியில், "ஹால்வார், மாட்டுச் சந்தையா நடத்தற? கதவ மூடு" என்று கத்தினார்.

ஹால்வாரின் மனதில் ஒரே ஆள்தான் இருந்தார். இலையுதிர் காலத்தில் ஒருநாள், ஆட்டுக்குட்டிகளைக் கசாப்புக்குக் கொண்டுபோக ஓடி வந்த கோரேயின் முகத்துக்கு நேராகப் படகின் கதவைத் தூக்கிவிட்டார் ஹால்வார். நேரம் நேரம்தான் என்றார். குட்டிகள் ஒரு நாள் முழுக்கத் துறையில் கத்திக்கொண்டு கிடந்தன. அன்றிலிருந்து கோரே அவரோடு பேசும் பேச்செல்லாம் ஊசிதான். மளிகைக் கடையில் நாலு பேர் முன்னால் வைத்து, "உன்னத் தவிர வேற யாருக்கு என்மேல இவ்வளவு வெறுப்பு?" என்று ஹால்வார் கேட்டுவிட்டார்.

கோரே காசை வைத்தார். பால் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் மத்தியானம் தன் பிக்கப் வண்டியை நேராக ஹால்வார் வீட்டு வாசலுக்கு ஓட்டி வந்தார். சிக்ருன் அப்போதுதான் மீன் காயப்போடும் வேலையிலிருந்து வந்து, ரப்பர் பூட்சைக் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"உன் புருசனக் கூப்பிடு. மோந்து பாக்கட்டும்."

ஹால்வார் வெளியே வந்தார். கோரே பிக்கப்பைப் பின்னோக்கி எடுத்தார். அங்குலம் அங்குலமாக வந்து, குழி விழுந்த கதவுக்கு ஒரு சாண் இடைவெளியில் நிறுத்தினார். குண்டு, குழிக்கு நன்றாக மேலே, கதவின் நடுவுக்கு வந்து நின்றது. கோரே இறங்கவேயில்லை. ஜன்னல் வழியே கையை நீட்டி அதைக் காட்டினார்.

"என் வண்டி இடிக்கணும்னா உன் வண்டி ஒரு ஸ்டூல் மேல நின்னுருக்கணும். என்ன, நின்னுச்சா?"

ஹால்வார் பனியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"உனக்கு என்னைப் பிடிக்காது, எனக்கு உன்னைப் பிடிக்காது. அது வேற. இடிச்சிருந்தா உன் மூஞ்சிக்கு நேரா வந்து, ஆமா இடிச்சேன், என்னடா பண்ணுவேன்னு கேட்டிருப்பேன். ஒளிஞ்சு போற ஆளு நானில்ல. அது தெரியுமில்ல உனக்கு?"

"தெரியும்" என்றார் ஹால்வார், காதில் விழாத குரலில்.

கோரே போய்விட்டார். சிக்ருன் அவித்த காட் மீனும், ஈரலும் சினையும் போட்ட குழம்பும் எடுத்து வைத்தாள். வருடத்தில் இந்த இரண்டு மாதம்தான் அந்தச் சாப்பாடு. ஹால்வார் மூன்று தட்டு சாப்பிடுகிறவர். அன்று ஈரலை முள்கரண்டியால் தள்ளிக்கொண்டே இருந்தார். அந்தப் பேச்சைச் சிக்ருன் பிறகு எனக்கு அப்படியே சொன்னாள்.

"ஒரு தகரக் கதவுக்கா இந்தப் பாடு?"

"கதவு இல்ல சிக்ருன்."

"அப்புறம்?"

"நான் உள்ள உக்காந்து சாப்பிட்டுட்டு இருந்தேன். அவனும் அதே கேக்கத்தான் தின்னுருக்கான். எல்லாம் தெரிஞ்ச மூஞ்சி. பாதிப் பேரு என்கூடப் பள்ளிக்கூடம் வந்தவன். தெனமும் கை காட்டறேன், அவனும் சிரிச்சுக்கிட்டே கை காட்டறான். அதுல ஒருத்தன் மனசுக்குள்ள, ஏமாந்த பய இவன்னு நெனச்சுக்கிட்டுப் போறான். இனிமே நான் யாரப் பாத்து என்ன நெனைக்க?"

சிக்ருன் குழம்புப் பாத்திரத்தை மூடினாள். பிறகு, "நான் இடிச்சிருந்தாலும் உன்கிட்ட வந்து சொல்லியிருக்க மாட்டேன்" என்றாள்.

"என்ன பேசற நீ?"

"அன்னைக்கு நீ போட்ட கூச்சலக் கேட்டேல்ல? லைசென்ஸ வெட்டி மீனுக்குப் போடுன்னே. வர்றவன் வழியில நீயே குறுக்க ஒரு மலையத் தூக்கி வெச்சுட்டு, ஏன் வரலங்கற. சரி, அத விடு. போர்கில்ட் வண்டிக்கு என்ன ஆச்சு?"

"ஏன்?"

"அஞ்சாறு நாளா பனியில கால உந்தி உந்தித் தள்ளுசறுக்குல போறா. இந்த ஈரத்துல, மருந்துப் பையும் சாப்பாட்டுப் பாத்திரமும் முன்னால கட்டிக்கிட்டு. கேட்டா பேட்டரி போயிருச்சுங்கறா. நீ பேட்டரிக் கம்பி எடுத்துட்டுப் போய் சார்ஜ் ஏத்திக் குடுத்துட்டு வா."

போர்கில்ட், எய்னாரின் மனைவி. ஹால்வாரும் எய்னாரும் இருபது வருடம் ஒரே படகில் வேலை பார்த்தவர்கள். எய்னார் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது, மாரடைப்பு, துறையிலேயே. அவர் இருந்தவரை போர்கில்ட் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. தேவைப்படவில்லை என்பாள். அவர் போன பிறகு அந்தச் சின்னச் சிவப்பு வண்டி கொட்டகையில் நின்றது. விற்றுவிடு என்று அக்கரையில் இருக்கிற மகள் சொன்னாள். போர்கில்ட் விற்கவில்லை. அறுபத்திரண்டு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டாள். மூன்று தடவை தேறாமல் நாலாவது தடவை தேறிய அன்று, படகில் இருந்த எல்லோருக்கும் அவள் காசில் நான் காப்பி ஊற்றினேன். லைசென்ஸ் கிடைத்ததும், தீவில் தனியாக இருக்கிற வயசாளிகளின் வீடுகளுக்குப் போய்ச் சாப்பாடு கொடுத்து, மருந்து எடுத்து வைத்து, காலுறை மாட்டிவிடுகிற வேலையும் கிடைத்தது. வண்டி இருக்கிறவர்களுக்குத்தான் அந்த வேலை.

ஹால்வார் கம்பிச்சுருளை வோல்வோவில் போட்டுக்கொண்டு போனார். போர்கில்ட் கதவைத் திறந்து அவரைப் பார்த்ததும், "வேண்டாம் ஹால்வார், நான் பாத்துக்கறேன்" என்றாள். "சாவியக் குடு. சிக்ருன் என்னைச் சும்மா வீட்டுக்குள்ள விட மாட்டா" என்றார் அவர். அவள் சாவியைக் கொடுக்க நேரம் எடுத்துக்கொண்டாள். கொடுத்துவிட்டு உள்ளே போய்ச் சமையலறை ஜன்னலில் நின்றாள்.

கொட்டகைக்குள் இருட்டும் மண்ணெண்ணெய் வாசனையும். ஹால்வார் வண்டியில் உட்கார்ந்து சும்மா சாவியைத் திருப்பினார். எஞ்சின் உடனே பிடித்துக்கொண்டது. பேட்டரிக்கு ஒன்றும் இல்லை. அணைத்துவிட்டு இறங்கினார். பின்பக்கம் போகவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஆனால் அந்த வாரம் முழுக்கப் பழகிய முதுகு தானாகக் குனிந்தது. குண்டு முழங்காலுக்குச் சற்று மேலே. அதன் நுனியில் நகக்கண் அளவுக்குக் கருநீலம்.

அவர் அங்கே நின்றுகொண்டேயிருந்தார். முதலில் கோபம்தான் வந்தது என்று என்னிடம் சொன்னார். இவளா, இவளுக்கு நான் என்னதான் செய்யவில்லை என்று வந்ததாம். அப்புறம், தான் கத்திய வார்த்தை ஞாபகத்துக்கு வந்ததாம். லாயக்கில்லாத ஜென்மம். பிறகு, ஈரப்பனியில் தள்ளுசறுக்கைக் காலால் உந்திக்கொண்டு போகிற அறுபத்திரண்டு வயதுப் பொம்பளை.

கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டு வீட்டுக்குள் போனார்.

போர்கில்ட் காப்பி ஊற்றினாள். பாதி தட்டில் சிந்தியது.

"பேட்டரிதான்" என்றார் ஹால்வார். "நல்லா இறங்கிப் போயிருந்துச்சு. ஏத்தி வெச்சுட்டேன். நாளையிலேர்ந்து எடுக்கலாம்."

அவள் அவரைப் பார்த்தாள். "ஏறிருச்சா?"

"ஏறிருச்சு."

இரண்டு பேரும் காப்பி குடித்தார்கள். அலமாரியில் எய்னாரின் புகைக்குழாயும் புகையிலை டப்பாவும் இன்னும் இருந்தன. கடிகாரம் போய்க்கொண்டிருந்தது. அவள் ஏதோ சொல்ல வாயெடுப்பதும், சர்க்கரைக் கிண்ணத்தை நகர்த்துவதுமாக இருந்தாள். ஹால்வார் அவளைப் பேச விடாமல் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். "மீன் இந்த வருஷம் பெருசு பெருசா வருது" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மறுநாள் காலைப் படகில், எல்லா வண்டியும் ஏறி, எல்லோரும் மேலே என் கடைக்கு வந்த பிறகு, ஹால்வார் நடுவில் வந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார்.

"ஒரு விஷயம். என் வண்டிய யாரும் இடிக்கல. நானேதான் இடிச்சிருக்கேன். வெள்ளிக்கிழம துறையில வண்டிய வளைக்கும்போது அந்தக் கயிறு கட்டற இரும்புத் தூண்ல இடிச்சது. காத்துச் சத்தத்துல தெரியல. இப்பதான் தூண்ல பெயிண்ட்டப் பாத்தேன்." கோரே இருந்த பக்கம் திரும்பினார். "கோரே, உன்ன நாலு பேரு முன்னால கேட்டேன். அதே நாலு பேரு முன்னால சொல்றேன். மன்னிச்சுக்க."

சிரிப்பு வெடித்தது. பாதிரியார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாற்பது வருடம் அந்தச் சிரிப்பைச் சேர்த்து வைத்திருந்தார்கள். கோரே மட்டும் அவ்வளவாகச் சிரிக்கவில்லை. "துறைத்தூண் குண்டு மாதிரியா உருண்டையா இருக்கு?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் காப்பி ஊற்றினேன்.

அதற்குப் பிறகு ஹால்வாருக்குப் படகில் நிம்மதியில்லை. அவர் வா என்று கை காட்டினால் ஜன்னலைத் திறந்து, "பாத்துய்யா, பின்னால தூணு இருக்கப் போகுது!" என்பார்கள். ஒருவர் அட்டையில் தூண் படம் வரைந்து அவர் மழைக்கோட்டு மாட்டுகிற ஆணியில் தொங்கவிட்டார். ஹால்வார் கத்துவதற்கு வாயைத் திறப்பார், மூடிக்கொள்வார். ஆள் சுருங்கிப்போன மாதிரி இருந்தது. வீட்டில் சிக்ருன் ஒரே ஒரு கேள்வி கேட்டாளாம்: "போர்கில்ட் வண்டி பேட்டரி என்ன ஆச்சு?" அவர், "ஏறிருச்சு" என்றாராம். அவள் அவருடைய தட்டில் ஈரலை இன்னும் ஒரு கரண்டி வைத்தாளாம். வேறு பேச்சில்லை.

ஆனால் போர்கில்ட் வண்டியை எடுக்கவில்லை.

அவள் போகிற வீடுகளில் ஒன்று கண் தெரியாத கிழவர் ஒருவருடையது. அங்கேதான் அவள் கேள்விப்பட்டாள். காலுறை மாட்டிக்கொண்டிருந்தபோது அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்து, ஹால்வார் தூணில் இடித்த கதையைச் சொல்லியிருக்கிறார். ஒரு காலுக்கு மட்டும் மாட்டிவிட்டு அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாளாம்.

அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை மத்தியானப் படகு. வாரக்கடைசிக்கு அக்கரை போகிற கூட்டம். பத்துப் பன்னிரண்டு வண்டிகள் வரிசையில் நின்றன. வரிசையின் தலையில் சிவப்பு வண்டி. நான் மாவு மூட்டை எடுக்கக் கீழே வந்திருந்தேன், அதனால் பார்த்தேன். ஹால்வார் கை காட்டினார். சிவப்பு வண்டி படகின் வாய்ப்பலகை மீது பாதி ஏறி, நின்றது. எஞ்சின் அணைந்தது. போர்கில்ட் இறங்கினாள். ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டிருந்தாள்.

"போர்கில்ட், இங்க நிறுத்தக் கூடாது. உள்ள வா" என்றார் ஹால்வார்.

"வர்றேன். முதல்ல இத சொல்லிக்கறேன்." அவள் பின்னால் இருந்த வண்டிகளைப் பார்த்துத் திரும்பினாள். ஜன்னல்கள் ஒவ்வொன்றாக இறங்கின. "இவரு வண்டிய இடிச்சது தூண் இல்ல. நான். அன்னைக்குச் சாயங்காலம் வயசானவங்களுக்குச் சாப்பாடு குடுக்க முன்னாடியே கிளம்பினேன். பின்னால எடுக்கும்போது இடிச்சுட்டேன். இறங்கிப் பாத்தேன். எனக்குக் கையும் காலும் ஓடல. சாப்பாட்டக் குடுத்துட்டு வந்து சொல்லிக்கலாம்னு போனேன். திரும்பி வந்தப்ப நீங்க எல்லாரும் சுத்தி நின்னீங்க, இவரு கத்திக்கிட்டு இருந்தாரு. நான் அப்படியே வண்டியத் திருப்பிட்டேன்."

"போர்கில்ட்..." என்றார் ஹால்வார்.

"நீ சும்மா இரு. உனக்கும் இருக்கு. நீ பொய் சொன்னது என் நல்லதுக்குத்தான், தெரியும். எய்னார் இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பான். அவன் இருந்த வரைக்கும் எல்லாத்தையும் எனக்காக அவனே செஞ்சான். நான் இடிச்சதையும் நீ எடுத்துக்கிட்டா அப்புறம் எனக்குன்னு என்ன இருக்கு? வண்டி ஓட்டறவங்க இடிப்பாங்க. நான் ஓட்டறேன். இடிச்சேன். வந்து சொல்லாததுதான் தப்பு. அதுக்கு மன்னிப்புக் கேக்கறேன். இப்ப சொல்லு, உள்ள எந்தப் பக்கம் நிறுத்த?"

மேலேயிருந்து கேப்டனின் ஊதல் இரண்டு தடவை அடித்தது. யாரும் சிரிக்கவில்லை. மூன்றாவது வண்டியிலிருந்த கோரே மட்டும், "நான்தான் அன்னைக்கே கேட்டேனே, தூண் எங்கய்யா உருண்டையா இருக்குன்னு" என்று காற்றைப் பார்த்துச் சொன்னார்.

ஹால்வார் மழைக்கோட்டுக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். குளிர்தான் என்று சொல்லலாம்.

"இடது வரிசை" என்றார். "சுவரு ஓரமா."

அவள் ஏறி, எஞ்சினைப் போட்டு, இடது வரிசையில் சுவரோரமாகக் கொண்டுபோய் நிறுத்தினாள். அக்கரையில் மகள் வீட்டுக்குத்தான் போனாள். இடித்ததை அவளிடமும் சொல்ல. இறங்கும்போது ஹால்வாரைக் கூப்பிட்டு, "முன்னால போறது எனக்கு வருது. பின்னால எடுக்கறதுதான் சரியா வரல. பரீட்ச வெச்சவன் அத ஒரு தடவதான் பாத்தான். நீ சொல்லிக் குடு" என்றாள். கதவை நிமிர்த்துகிற செலவைப் பற்றி அவள் ஆரம்பித்ததும் அவர் கையைக் காதுக்கு வைத்து, எஞ்சின் சத்தத்தில் கேட்கவில்லை என்று காட்டினார். ஒரு மாதம் கழித்து அதை அக்கரையில் யாரோ நிமிர்த்தினார்கள். யார் கொடுத்தார்கள் என்பதில் இருவரும் இன்றுவரை வேறு வேறு கணக்குச் சொல்கிறார்கள்.

அவள் மகள் வீட்டிலிருந்து திரும்பிய ஞாயிற்றுக்கிழமை துறை காலியாக இருந்தது. காற்று தணிந்து, மேகம் கிழிந்து, மரச்சட்டங்களில் தொங்குகிற மீன்மேல் வெயில் விழுந்திருந்தது. நாற்றம் ஊரைத் தூக்கியது. மீன் பெட்டிகளை இரண்டு வரிசையாக அடுக்கி நடுவில் சந்து விட்டிருந்தார் ஹால்வார். அவர் போர்கில்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். சிவப்பு வண்டி பின்னால் வந்தது, கோணியது, முதல் பெட்டியைத் தள்ளியது. இரண்டாவது முறை நாலு பெட்டி. கடற்காகங்கள் கூச்சலிட்டுக்கொண்டு எழும்பின. சிக்ருன் சட்டத்தின் மேலிருந்து, "மீன் பெட்டிக்குப் பெயிண்ட் அடிச்சிருந்தா இன்னைக்கு எவ்வளவு நஷ்டம்!" என்று கத்தினாள். உள்ளே ஹால்வாரின் வாய் அசைவது தெரிந்தது. சத்தம் மட்டும் வரவில்லை.

கோரே தன் படகிலிருந்து வலை அலசுவதை விட்டுவிட்டு ஏறி வந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. விழுந்த பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கி அடுக்கினார். அடுக்கிவிட்டுச் சந்தின் கடைசியில், வண்டிக்கு நேர் பின்னால் போய் நின்று, இரண்டு கைகளையும் தூக்கி வா என்று காட்டினார்.

ஜன்னல் இறங்கியது. ஹால்வார் தலையை வெளியே நீட்டினார். "யோவ், அங்கயா நிக்கற? அவ இன்னும் பழகல!"

"தெரியும்" என்றார் கோரே, நகராமல். "வரச் சொல்லு."